பலகையில் மிஞ்சிய தகடு

1

டென்மார்க்கில் மலை கிடையாது. நான் இருக்கும் சில்க்போர்க் பக்கத்தில் ஒரு மேட்டை இவர்கள் மலை என்கிறார்கள். மூச்சு வாங்கத் தொடங்குமுன் உச்சி வந்துவிடும். மலையே இல்லாத நாட்டில் குகை எங்கிருந்து வந்தது என்று ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் மனைவி இதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்படியிருந்தும் இங்கே ஒரு குகைக் கழகம் இருந்தது. அதில் இருந்த ஒரே தமிழன் நான். கடைசி ஏழு வருடமும் அதன் செயலாளரும் நானே. கூட்டத்தில் வேறு யாரும் கையைத் தூக்காததால் வந்த பதவி அது.

போன ஆவணியில் கழகத்தைக் கலைப்பது என்று முடிவாயிற்று. மிஞ்சியிருந்தவர்கள் பதினொரு பேர். அறுபதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. தவழ்ந்து போகிற விளையாட்டுக்கு முழங்கால் வேண்டும். எங்களிடம் இருந்ததெல்லாம் முழங்கால் சத்திரசிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் ஓர் இடம்.

இந்த நாட்டில் ஒரு கழகத்தைத் தொடங்க மூன்று பேரும் ஒரு கேத்தல் கோப்பியும் போதும். கலைப்பதுதான் பெரும் பாடு. யாப்பின்படி, அதாவது கழக விதிமுறைப்படி, இரண்டு பொதுக்கூட்டம் வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது நான்கு கிழமை இடைவெளி விட வேண்டும், ஆத்திரத்தில் கலைக்கிறார்களோ என்று யோசிக்க நேரம் கொடுப்பதற்காக. பிறகு கழகத்தின் மின்தபால் பெட்டியை மூட வேண்டும். அதை மூடினால், மூடியாயிற்று என்ற கடிதம் எங்கே வரும் என்று தொலைபேசியில் கேட்டேன். பெட்டிக்குத்தான் வரும் என்று ஒரு பிள்ளை மிகவும் அன்பாகச் சொன்னாள்.

நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிகிற வேலை. அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதங்கள். எனக்கு அறுபத்தொன்று. ஓய்வூதிய வயதைக் கிட்டக் கிட்ட அரசாங்கம் அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. நான் கழுவித் துடைத்துவிடுகிற சிலர் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர்கள் என்பது சில காலைகளில் உறைக்கும். அந்தக் காலைகளில் களைப்புக் கொஞ்சம் கூட.

கழகத்தின் பயணக் குறிப்பேடுகள் பன்னிரண்டு இருந்தன. அவற்றைக் கொம்மூன் என்கிற நகரசபையின் உள்ளூர் ஆவணக் காப்பகம் கேட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துக் கொடுத்தால் நல்லது என்றும் சொன்னது. எனக்கு அது ஓடாது என்பதால் ஓகூஸ் நகரத்திலிருக்கும் மகள் ஆரணியைக் கூப்பிட்டேன். வந்து உதவி செய்கிறேன் என்றாள். அவள் வராமலே இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திருக்காது.

2

நான் கழகத்துக்குள் போனதற்குக் காரணம் எரிக். இயந்திரப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் என் முதல் வேலை. எரிக் அங்கே எங்கள் அணியின் மேற்பார்வையாளர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். டேனிஷில் எல்லோரையும் ஒருமையில்தான் அழைக்க வேண்டும். வாய் அப்படி அழைத்தாலும் மனம் அவரை ஒருநாளும் 'நீ' என்றதில்லை. ஆகவே இதில் அவர் பேசுவதையும் நான் பேசுவதையும் என் தமிழில்தான் தருகிறேன். அந்தத் தமிழில் அவர் எனக்கு 'நீங்கள்' தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீபோர்க் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுரங்கங்களைப் பற்றிச் சொன்னார். நூற்றுக்கணக்கான வருடங்களாக மனிதர் கையால் வெட்டிய பாதைகள், கைவிடப்பட்டுக் கிடக்கின்றன, பாதிக்கு வரைபடமே இல்லை, ஞாயிறு தோறும் போய் அளக்கிறோம் என்றார். எங்கள் யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்தான் என்றேன். மூன்று முழம் தோண்டினால் வெள்ளைக் கல், கிணறு வெட்ட வெடி வைப்பார்கள் என்றேன். அவர் கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த நாட்டுக்கு நான் வந்த இரண்டு வருடத்தில் நான் சொன்ன ஒன்றைக் கேட்டு ஒரு மனிதர் சாப்பாட்டை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு அவர் தந்த பழைய தொப்பி விளக்கோடு உள்ளே போனேன். கோடையானாலும் மாரியானாலும் உள்ளே எட்டுப் பாகை குளிர். முதல் வளைவு தாண்டியதும் மூக்கில் ஒரு மணம் ஏறியது. புதிதாக வெட்டிய கிணற்றுக்குள் தலையை நீட்டினால் வருகிற ஈரக் கல் மணம். ஊரை நினைத்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அழவில்லை. மூக்கு ஒழுகியது. அவ்வளவுதான்.

பதினாலு வயதில் நானும் இரண்டு கூட்டாளிகளும் ஒரு புகையிலைத் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த கல் வங்குக்குள், குகை போன்ற ஒரு பொந்துக்குள், இறங்கியிருக்கிறோம். எங்களுக்கு ஒரே ஒரு விதிதான். முன்னால் போகிறவனின் சட்டையைப் பிடித்த கையை விடக்கூடாது. விட்டால் அவன் போய்விட்டான் என்று அர்த்தம். வெளியே வந்தபோது மூன்று சட்டையும் கிழிந்திருந்தன. கல்லில் வாங்காத காயத்தை வீட்டில் வாங்கினோம்.

இங்கே சட்டையைப் பிடிப்பதில்லை. பலகை இருந்தது.

3

சுரங்க வாசலில் இரும்புக் கதவு. அதற்கு முன்னால் கழகத்தின் சிறிய கொட்டில். கொட்டிலின் வெளிச்சுவரில் ஒரு மரப் பலகை. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆணி, ஆணியில் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. தகட்டின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. உள்ளே போகிறவர் சிவப்புப் பக்கம் தெரியத் திருப்பி விடுவார். வெளியே வந்ததும் வெள்ளை. எல்லாம் வெள்ளையானால்தான் கதவைப் பூட்டலாம்.

முதல் நாளே எரிக் எனக்குச் சொன்னது ஒன்றுதான். தன் தகட்டைத் தானே திருப்ப வேண்டும். பிறருடையதைத் தொடக் கூடாது. நான் தலையை ஆட்டினேன். பல விதிகளுக்கு நான் அப்படித் தலையாட்டியிருக்கிறேன்.

முப்பது வருடத்துக்கு முந்திய ஓர் ஐப்பசி. வௌவால்கள் மாரி உறக்கத்துக்கு வரும் என்பதால் சுரங்கத்தை மூடுமுன் கடைசிப் பயணம். எரிக் தலைவர், நான், இன்னும் மூன்று பேர். அன்று கதவின் திறப்பு, அதாவது சாவி, என் பொறுப்பு. மத்தியானம் வெளியே வந்தோம். எனக்குப் பின்னால் எரிக், இரண்டு தோளிலும் கயிற்றுச் சுருள், கையில் அளவுக் கருவி. நான் இரும்புக் கதவை அவருக்காகப் பிடித்துக்கொண்டேன். பிறகு பலகைக்குப் போய் என் தகட்டைத் திருப்பினேன். பெரியவர் இரண்டு கையும் நிறையச் சுமந்துகொண்டு வருகிறார். பக்கத்து ஆணியில் அவருடைய தகடு. அதையும் திருப்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

இதை ஒரு தவறாக மட்டுமல்ல, ஒரு வேலையாகக்கூட நான் நினைக்கவில்லை. ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்தேன். எங்கள் பெரிய கிளாக்கர் ஐயாவுக்குப் பஸ் பிந்தும். காலையில் வரவுப் பதிவேட்டில் என் கையெழுத்தைப் போட்டதும் கீழே அவருடையதையும் போட்டுவிடுவேன். அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவருக்குச் சுகமில்லாத நாளிலும் அந்தக் கையெழுத்து வந்துகொண்டுதான் இருந்தது. அதைக் களவு என்று யாரும் நினைக்கவில்லை. மரியாதை என்றுதான் நினைத்தோம்.

நாங்கள் நான்கு பேரும் கொட்டிலுக்குப் பின்னாலிருந்த குழாயில் சப்பாத்துக் கழுவப் போனோம். எரிக் கயிறுகளை வைத்துவிட்டுப் பார்த்தால் அளவுக் குறிப்புப் புத்தகத்தைக் காணவில்லை. முதல் வளைவில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இரண்டு நிமிட வேலை. தன் தகட்டை இன்னும் திருப்பவில்லை, சிவப்பாகத்தான் இருக்கும், ஆகவே யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்று பலகையைப் பாராமலே உள்ளே போனார்.

நான் வந்து பலகையைப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. கதவைப் பூட்டினேன்.

எரிக்கின் தாய் சுரங்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான் இருந்தார். மறதி நோய் தொடங்கியிருந்த காலம். பயணம் முடிந்ததும் எரிக் சொல்லாமல் கொள்ளாமல் வயலுக்குக் குறுக்கே நடந்து தாயிடம் போவது வழக்கம். அன்றும் போய்விட்டார் என்று நினைத்து நாங்கள் ஒரே காரில் ஏறி வந்துவிட்டோம்.

உள்ளே கூரையிலிருந்து ஒரு பாளம் சரிந்து அவருடைய இடது காலில் விழுந்திருந்தது. மாலையில் அவருடைய மனைவி தாய்க்குத் தொலைபேசி எடுத்தார். மகன் வரவில்லை என்று தாய் சொன்னார். மறதிக்காரியின் பேச்சு என்று மனைவி அதை நம்பவில்லை. அதில் இன்னும் இரண்டு மணித்தியாலம் போயிற்று. அதன் பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது. ஏழு மணியளவில் நானே போய் அந்தக் கதவைத் திறந்தேன். எட்டுப் பாகை குளிரில் ஏழு மணித்தியாலம் அவர் கிடந்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, மற்றவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்களா என்று.

4

பொலிஸ் வந்து ஒவ்வொருவரிடமும் கேட்டது. என் தகட்டைத் திருப்பினேன், எல்லாம் வெள்ளையாக இருந்தது, பூட்டினேன் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த மாதம் என் குடியுரிமை விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் இருந்தது. அதை டேனிஷில் எழுதித் தந்தவரே எரிக்தான். ஒரு மனிதரைச் சுரங்கத்துக்குள் வைத்துப் பூட்டியவன் என்று என் கோப்பில் ஒரு வரி ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறக்கவில்லை.

மூன்று கிழமை கழித்துக் கொட்டிலில் விசாரணைக் கூட்டம். எரிக் ஊன்றுகோலோடு வந்தார். எல்லோரும் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள்.

"நான்தான் திருப்பியிருக்கிறன். வேற ஆர் திருப்பிறது?" என்றார் அவர். பிறகு குறிப்பேட்டை வாங்கி, தன் தகட்டைத் தானே திருப்பியதாகவும் அதை மறந்து மீண்டும் உள்ளே போனதாகவும் எழுதிக் கையெழுத்து வைத்தார். தலைவர் பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் அடுத்த வரியில் எழுதினார். நிமிர்ந்தபோது அவருடைய கண் என் முகத்தில் ஒரு கணம் நின்றது.

அவர் பார்த்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாயிற்று. நான் திருப்பியதைக் கண்டவர், தலையசைத்தவர். என் விண்ணப்பத்துக்காக, என் குடும்பத்துக்காக, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு மனிதரா என்று அன்று வியந்தேன்.

குடியுரிமை கிடைத்த கிழமையே மனைவி சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றுக்கும் நன்றி என்றேன். அது ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியும், விபத்து நடந்த அந்த நாளில், ஒரு பெட்டி ரோல்ஸ். அவர் மனைவியை இழந்து வைலே நகரத்தில் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போன பிறகும் விடவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த, இருவரும் வாய் திறந்து பேசாத ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருப்பதாக நான் நினைத்தேன். நட்பு என்றால் இதுதான் என்று என் பிள்ளைகளுக்கும் சொன்னேன், விசயத்தைச் சொல்லாமல்.

5

ஆரணி சாப்பாட்டு மேசையில் குறிப்பேடுகளைப் பரப்பிப் படம் பிடித்தாள். அவள் டேனிஷில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். வெளியார் கேட்டால் இரண்டு வானொலி ஒன்றாகப் பாடுகிற மாதிரி இருக்கும்.

ஆறாவது ஏட்டில் கையை நிறுத்தினாள். இது விசித்திரம் என்றாள். இந்த மனிதர் ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை கோப்பி குடித்தார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார். இவரா தகட்டைத் திருப்பியதை மறப்பார் என்று கேட்டாள். அந்த நாள் திறப்பு யாரிடம் என்றும் பக்கத்தில் எழுதியிருந்தது. என் பெயரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு அன்று மிகவும் களைப்பு. எட்டரை மணித்தியாலம் நின்ற கால். வேறொரு நாளென்றால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சொல்லிவிட்டேன். மனைவிக்குக்கூடச் சொல்லாததை, மகள் கமெராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மேசையில் சொன்னேன். சமையலறையிலிருந்து மனைவி தண்ணீரை நிறுத்துவது கேட்டது.

ஆரணி என்னைத் தேற்றவில்லை. அப்படியானால் காப்பகத்துக்குப் போவது பிழையான ஆவணம், ஒரு திருத்தம் எழுதுங்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆவணமாம். அந்த மனிதர் எனக்காகச் சொன்ன பொய்யை நான் உடைத்தால் அவருக்கு அது எவ்வளவு அவமானம் என்று கத்தினேன். எனக்காகச் சொன்னார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

அவள் கமெராவைக் கீழே வைத்தாள். பிறகு, எப்போதாவது மட்டும் வெளியே வருகிற தன் தமிழில் கேட்டாள்:

"அவரிட்டக் கேட்டனீங்களா, அப்பா?"

இப்படியான விசயத்தையெல்லாம் யாராவது கேட்பார்களா? கேட்காமல் விளங்கிக்கொள்வதுதானே பெரிய மனிதத்தனம். அப்படித்தான் நான் வளர்ந்தேன். ஆனால் அவள் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது ரோல்ஸ் பெட்டிகள் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

6

ஐப்பசியில் வழமை போலப் பெட்டியோடு வைலேக்குப் போனேன். எரிக் கோப்பி ஊற்றி வைத்திருந்தார். எழுபத்தாறு வயது. இடது முழங்கால் அன்றிலிருந்து மடியாது. காலை ஒரு தடி போல நீட்டித்தான் உட்காருவார்.

கழகம் கலைவதைப் பற்றிச் சொன்னேன். ஏடுகள் காப்பகத்துக்குப் போவதைச் சொன்னேன். பிறகு, அன்று நீங்கள் எனக்காகச் செய்ததை ஒருநாளாவது வாயால் சொல்ல வேண்டும் என்றேன். அவர் விளங்காமல் பார்த்தார். விண்ணப்பத்தையா என்று கேட்டார்.

"இல்லை. தகடு. நான்தானே உங்கட தகட்டைத் திருப்பினனான். நீங்கள் கண்டனீங்கள். தலையசைச்சனீங்கள்."

அவர் கோப்பியை மேசையில் வைத்தார். கோப்பை தட்டில் சரியாக உட்காரவில்லை. அதை நகர்த்திச் சரி செய்தார். வெகு நேரம் எடுத்தது அதற்கு.

"நீ கதவைப் பிடிச்சனி. அதுக்குத்தான் தலையசைச்சன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் திருப்பியதை அவர் காணவில்லை. என்னைக் காப்பாற்றவில்லை. பொய் சொல்லவுமில்லை. தகட்டை அவரவர்தான் திருப்புவார்கள். அந்த விதியை எழுதியவர் அவர். தகடு வெள்ளையாக இருந்தது என்றால் தானே திருப்பியிருக்க வேண்டும். இன்னொரு கை அதைத் தொட்டிருக்கும் என்று நினைப்பதைவிடத் தன் மூளை பழுதாகிவிட்டது என்று நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"முப்பது வருசமா அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன், சிவா. என்ர கை அந்தத் தகட்டைத் திருப்பின நேரத்தை. எவ்வளவு தேடியும் கிடைக்கேல்லை. அம்மாவின்ர வருத்தம் எனக்கும் வந்திட்டுது எண்டு நினைச்சன்."

தாயிடம் அது அப்படித்தான் தொடங்கியதாம். சின்னச் சின்னதாக, செய்ததையே செய்யவில்லை என்று. அதனால்தான் கழகத் தலைமையை விட்டார். ஐந்தாறு வருடத்தில் தொழிற்சாலையில் மேற்பார்வையையும் விட்டு மீண்டும் சாதாரண இயந்திரத்துக்கே போனார். ஏனென்று நாங்கள் எல்லோரும் கேட்டோம், முழங்கால் என்றார். பேரப்பிள்ளைகளைத் தனியாக ஒருநாளும் காரில் ஏற்றவில்லை. இரண்டு தடவை வைத்தியசாலையில் தலையைச் சோதித்திருக்கிறார். ஒன்றுமில்லை என்றார்கள். அவர் நம்பவில்லை.

என் வேலையில் அந்தப் பயத்தைத் தினமும் காண்கிறேன். நோய் முற்றியவர்களுக்குப் பயமில்லை. தொடங்குகிறவர்களுக்குத்தான். அலுமாரியைத் திறந்துவிட்டு ஏன் திறந்தேன் என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் பழகியவன், கையைப் பிடித்து ஆறுதல் சொல்லச் சம்பளம் வாங்குகிறவன். அதே பயத்தை ஒரு மனிதருக்கு நானே கொடுத்துவிட்டு, வருடம் தவறாமல் ரோல்ஸ் கொண்டுபோயிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். டேனிஷில் அதற்கு இருக்கும் சொல் பஸ்ஸில் காலை மிதித்தாலும் சொல்கிற சொல். அதைத்தான் சொன்னேன், வேறு இல்லை.

அவர் பெட்டியை மூடியோடு என் பக்கம் தள்ளினார். "இதையும் கொண்டு போ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் ஸ்கன்டர்போர்க்கில் ரயில் மாற வேண்டும். மேடையில் அரை மணித்தியாலம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது.

7

இரண்டாவது பொதுக்கூட்டம் கார்த்திகையில் நடந்தது. எரிக் வரவில்லை. கழகத்தை ஏகமனதாகக் கலைத்தோம். அதற்கு முன்னால் நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். ஆறாவது ஏட்டில், எரிக்கின் கையெழுத்துக்குக் கீழே, தகட்டைத் திருப்பியது நான், அவர் எதையும் மறக்கவில்லை என்று எழுதி என் பெயரை முழுதாக எழுதினேன். ஒருவர் வந்து என் கோப்பையில் கோப்பி ஊற்றினார். இவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று இத்தனை வருடத்தில் கற்றிருக்கிறேன்.

பிரியும்போது ஒவ்வொருவரும் பலகையிலிருந்து தங்கள் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். எரிக்கின் தகடு மட்டும் தொங்கியது. அவர் காலொடிந்த பிறகு அதை யாரும் பாவிக்கவில்லை. விசாரணைக் கூட்டத்தன்று அவரே அதைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுப் போனார். ஏனென்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகு கதவைப் பூட்டும்போது அந்த ஆணியை விட்டுத்தான் எண்ணினோம். பலகையை வைத்திருக்க இடமில்லாததால் செயலாளர் தலையில் கட்டினார்கள். எங்கள் வீட்டு வாசல் நடையில், ஜாக்கெட்டுகள் கொழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். சமையலறையில் அன்று தண்ணீரை நிறுத்தியதிலிருந்து மனைவி இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

தகட்டைத் தபாலில் அனுப்பிவிடுங்கள் என்றாள் ஆரணி. அதைக் கழற்ற வேண்டுமென்றால் தொட வேண்டும் என்றேன். அவள் சரி என்றாள். மகளும் நானும் ஒத்துப்போன விசயங்கள் சொற்பம். அதில் இது ஒன்று.

மாரி முழுக்க ஒவ்வொரு காலையும் ஜாக்கெட்டை எடுக்கும்போது அந்தச் சிவப்பு கண்ணில் படும். வேலைக்குப் போவேன், வருவேன். கழகத்தின் தபால் பெட்டி மூடப்பட்டதாக அந்தப் பெட்டிக்கே கடிதம் வந்தது என்று கேள்விப்பட்டேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம், மணி அடித்தது. திறந்தால் எரிக். தடியை ஊன்றிக்கொண்டு, இரண்டு ரயில் ஏறி வந்திருக்கிறார். வீட்டுக்குள் வந்தவர் சப்பாத்தைக் கழற்றவில்லை, மேலங்கியையும் கழற்றவில்லை. நேரே பலகைக்கு முன்னால் போய் நின்றார். நான் ஒதுங்கிச் சுவரோடு நின்றேன்.

"நான் மறக்கேல்லை, என்ன?" என்றார், பலகையைப் பார்த்தபடியே.

"இல்லை. நீங்கள் மறக்கேல்லை."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஏட்டில் எழுதியிருக்கிறேன், பெயர் போட்டிருக்கிறேன் என்றேன். கழகத்தின் கடைசித் தலைவி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள், வாசித்தேன் என்றார். வாசித்தது போதவில்லைப் போலிருக்கிறது. காதால் கேட்க வந்திருக்கிறார்.

பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலக் கை விரலால் தன் தகட்டைத் திருப்பினார். மெதுவாக, தன் கை செய்வதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டு. வெள்ளை. பித்தளை பலகையில் ஒரு தடவை தட்டி நின்றது. கழற்றி எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படியே தொங்கவிட்டார்.

கோப்பி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வாசல் வாங்கில் உட்கார்ந்து, மடியாத காலை நீட்டிக்கொண்டு, சப்பாத்து நாடாவை எட்டப் பார்த்தார். முதல் தரம் எட்டவில்லை. இரண்டாவது தரமும் எட்டவில்லை. என் உடம்பு பழக்கத்தில் குனியத் தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சப்பாத்துக்கு உதவி செய்யலாம், சிவா" என்றார்.

நான் நிலத்தில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தேன்.